பால் பேரிங் தரச்சான்று அல்ல

விலையுயர்ந்த ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு தீர்ப்பு கேட்பாரின்றிப் புழங்கி வருகிறது. பின்மூடியைக் கழற்றினால் தெரியும் அரைவட்ட எடை, அதாவது ரோட்டர், பால் பேரிங்கின் மேல் சுழன்றால் அது உயர்ந்த இயந்திரம். மாணிக்கக் கல்லின் துளைக்குள் வெறும் அச்சாகச் சுழன்றால் அது பழைய, செலவை மிச்சம் பிடித்த இயந்திரம். ரோட்டர் இடமாகச் சுற்றினாலும் வலமாகச் சுற்றினாலும் சாவி ஏறினால் உயர்வு. ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அரைகுறை. இந்த இரண்டு அளவுகோல்களைக் கொண்டு பல லட்ச ரூபாய்க் கடிகாரங்களைத் தரம் பிரிக்கிறார்கள். விற்பவர் அதைச் சொல்லி விற்கிறார், வாங்கியவர் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார், வாங்காதவர் அதைச் சொல்லி அடுத்தவர் கடிகாரத்தை மட்டம் தட்டுகிறார். இரண்டு அளவுகோல்களும் தவறானவை. ரோட்டரைத் தாங்கும் பேரிங், கடிகாரத்துக்கு எவ்வளவு சாவி ஏறும் என்பதில் செலுத்தும் செல்வாக்கு மிகச் சிறியது. அது எப்படித் தேயும், தேய்ந்தபின் யாரால் சரிசெய்ய முடியும் என்பதில்தான் அதன் முக்கியத்துவம் இருக்கிறது. அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். உடலசைவால் தானே சாவி ஏறும் கடிகாரத்தை 18ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். ஆனால் சட்டைப்பையில் நிமிர்ந்தே கிடக்கும் கடிகாரத்துக்குப் போதிய அசைவு கிடைக்கவில்லை. கைக்கடிகாரம் வந்த பிறகுதான் அந்த யோசனைக்கு உயிர் வந்தது. ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட் 1923இல் விண்ணப்பித்து 1924இல் பெற்ற சுவிஸ் காப்புரிமையில், எடை முழுவட்டம் சுற்றவில்லை. இரண்டு முட்டுவில்களுக்கு இடையே மோதி மோதித் திரும்பியது. 1931இல் ரோலக்ஸ் முழுவட்டம் சுற்றும் ரோட்டரைக் கொண்டுவந்தது. அது ஒரு திசையில் மட்டுமே சாவி ஏற்றியது. இரு திசையிலும் ஏற்றும் ரோட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஃபெல்சா என்ற சுவிஸ் இயந்திரத் தொழிற்சாலை, 1942இல். ரோட்டரைப் பால் பேரிங்கின் மேல் ஏற்றியது எட்டெர்னா, 1948இல். 0.65 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஐந்து எஃகுக் குண்டுகள்; அந்த ஐந்து குண்டுகளையே எட்டெர்னா தன் சின்னமாக வைத்துக்கொண்டது. ஆக, இன்று உயர்வின் அடையாளமாகக் காட்டப்படும் இரண்டும் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடுத்தர விலைக் கடிகாரங்களுக்கு வந்துவிட்டவை. எட்டெர்னாவிலிருந்து 1932இல் பிரிந்துபோன ஈட்டா நிறுவனத்தின் 2824 போன்ற இயந்திரங்கள் மூலம் பால் பேரிங்கும் இருவழிச் சாவியும் நூற்றுக்கணக்கான பெயர்களில் விற்ற சாதாரணக் கடிகாரங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. இவ்வளவு பரவலான ஒன்று ஆடம்பரத்தின் அடையாளமாக எப்படி இருக்க முடியும்?

இன்னும் நேரடியான சான்று வேண்டுமென்றால் இரண்டு இயந்திரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சீக்கோ நிறுவனம் 1990களில் கொண்டுவந்த 7எஸ்26 இயந்திரம், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்த சீக்கோ 5 வரிசைக் கடிகாரங்களில் இருந்தது. கையால் சாவி கொடுக்கும் வசதிகூட அதில் கிடையாது. ஆனால் அதன் ரோட்டர் பால் பேரிங்கில் சுழன்றது, இரு திசையிலும் சாவி ஏற்றியது. அதே காலத்தில் ரோலக்ஸின் 3135 இயந்திரம், 1988இல் தொடங்கி, அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற கடிகாரங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ரோட்டரில் பால் பேரிங் இல்லை. மாணிக்கக் கல்லுக்குள் சுழலும் சிறிய அச்சு ஒன்றுதான். தேதி காட்டும் சப்மரீனரில் 2020 வரை இதே அமைப்புதான். புழங்கிவரும் அளவுகோலை ஒப்புக்கொண்டால், சில ஆயிரம் ரூபாய்ச் சீக்கோவின் சாவி அமைப்பு ரோலக்ஸினுடையதைவிட உயர்ந்தது என்று சொல்லியாக வேண்டும். அந்த அளவுகோலை நம்புவோரில் ஒருவர்கூட அதைச் சொல்வதில்லை. அங்கே மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

திசையிலும் இதே கதைதான். 1976இல் படேக் ஃபிலிப் வெளியிட்ட முதல் நாட்டிலஸ் இருவழியில் சாவி ஏறும் இயந்திரத்தைக் கொண்டிருந்தது. முப்பது ஆண்டுக்குப் பின் வந்து, உலகமே வரிசையில் நின்று வாங்கத் துடித்த 5711 நாட்டிலஸில் நெடுங்காலம் ஓடிய 324 இயந்திரம் ஒருவழியில்தான் சாவி ஏற்றியது. 1977 முதல் அந்நிறுவனம் செய்துவரும் 240 என்ற மெல்லிய இயந்திரமும் ஒருவழிதான். இருவழி அமைப்பைச் செய்யத் தெரிந்த ஒரு நிறுவனம், செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத நிலையில், தெரிந்தே ஒருவழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், மலிவான கடிகாரங்களில் பரவலாக இருக்கும் மியோட்டா 8215 இயந்திரமும் ஒருவழிதான். மலிவிலும் ஒருவழி உண்டு, உச்ச விலையிலும் ஒருவழி உண்டு, இருவழியும் அப்படியே. இந்தக் கூறு எதையும் தரம் பிரிக்கவில்லை.

வரலாறு இருக்கட்டும், இயற்பியல் என்ன சொல்கிறது? பால் பேரிங்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம் உராய்வு. குண்டுகள் உருள்கின்றன, அச்சோ கல்லுக்குள் வழுக்கிச் சுழல்கிறது. ஆகவே பேரிங்கில் உராய்வு பல மடங்கு குறைவு, ஆகவே ரோட்டர் இலேசாகச் சுற்றும், ஆகவே அதிகச் சாவி ஏறும் என்கிறார்கள். முதல் படி சரி. மற்றவை அதிலிருந்து வருவதில்லை. உராய்வு எவ்வளவு தடுக்கும் என்பது உராய்வுக் கெழுவை மட்டும் பொறுத்ததல்ல, அந்த உராய்வு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்பதையும் பொறுத்தது. ஓர் அச்சின் விட்டம் 0.8 மில்லிமீட்டர், உராய்வுக் கெழு 0.15 என்று கொள்வோம். ரோட்டரின் எடையை எதிர்க்கும் உராய்வின் நெம்புகைநீளம் 0.06 மில்லிமீட்டர் ஆகிறது. ரோட்டரைக் கீழே இழுக்கும் புவியீர்ப்போ, அரைவட்டத்தின் எடைமையத்தில், அச்சிலிருந்து சுமார் 7 மில்லிமீட்டர் தள்ளிச் செயல்படுகிறது. எனவே கடிகாரம் நிமிர்ந்திருக்கும்போது, கிடைக்கும் திருகுவிசையில் உராய்வு தின்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரோட்டர் ஒரு பக்கமாகத் தொங்குவதால் அச்சின் மேல் விழும் கூடுதல் பளுவைச் சேர்த்து மூன்று மடங்காக்கினாலும் நூற்றில் மூன்றைத் தாண்டாது. பால் பேரிங்கில் கெழு மிகக் குறைவு. ஆனால் குண்டுகள் ஓடும் தடத்தின் ஆரம் பெரிது. அங்கே இழப்பு இன்னும் சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் இரண்டு, மூன்று பங்கு மிச்சம்தான் மொத்த லாபம். அந்த மிச்சத்தையும் அடுத்து வரும் பல்சக்கரங்கள் எளிதாக விழுங்கிவிடும்.

அந்த மிச்சத்தால் பயனுமில்லை என்பது அடுத்த உண்மை. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் சுருள்வில் முழுதாக இறுகியபின் மேலும் இறுகாது. அதன் வெளிமுனை உருளையின் உட்சுவரில் வழுக்கும்படி செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ரோட்டர் சுற்றச் சுற்ற வில் அறுந்துபோகும். வழுக்கும் சுருள்வில்லுக்கு அட்ரியன் ஃபிலிப் 1863இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் நடைமுறைக்கு வர அது இன்றியமையாததாக இருந்தது. நாள் முழுதும் நடமாடுகிறவர் கையில் இருக்கும் கடிகாரம் மாலைக்குள் நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு சுற்றும் நிரம்பிய குடத்தில் ஊற்றும் தண்ணீர். பேரிங்கின் மென்மையால் கிடைத்த கூடுதல் சுற்றுகளும் இருவழியால் கிடைத்த கூடுதல் சுற்றுகளும் அந்த வழுக்கலிலேயே போய்விடுகின்றன.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன், ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது. மேலே சொன்ன கணக்கு கடிகாரம் நிமிர்ந்திருக்கும் நிலைக்கு. முகப்பு மேலே பார்த்தபடி கடிகாரம் படுத்திருக்கும்போது கதை வேறு. ரோட்டரின் எடை முழுதும் ஒரு பக்கமாக இருப்பதால் அது அச்சைச் சாய்க்கப் பார்க்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள பிடிமானத்தில் நிற்கும் அச்சு, அந்தச் சாய்வைத் தாங்க ரோட்டரின் எடையைப்போலப் பல மடங்கு பக்கவாட்டு விசையைச் சந்திக்கிறது. எண்ணெய் வறண்டால் அச்சு தேய்கிறது. தேய்ந்தால் ரோட்டர் தாழ்கிறது. தாழ்ந்தால் அதன் விளிம்பு கீழுள்ள தகட்டையோ மேலுள்ள மூடியையோ உரசுகிறது. உரசலில் உதிரும் உலோகத்தூள் இயந்திரம் முழுதும் பரவுகிறது. 3135ஐப் பிரித்துப் பழகிய எந்தப் பழுதுபார்ப்பவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பால் பேரிங்கின் தடம் அகலமானது, ஆகவே சாய்வை நன்றாகத் தாங்குகிறது. பால் பேரிங்கின் மெய்யான சிறப்பு இதுதான். ஆனால் கவனியுங்கள்: இது தேய்மானம் பற்றிய வாதம். சாவி ஏறும் அளவைப் பற்றியதல்ல. பேரிங்கைப் புகழ்வோர் சரியான பொருளைத் தவறான காரணத்துக்காகப் புகழ்கிறார்கள். காரணம் தவறானதால், அதே சிக்கலுக்கு வேறு வழியில் தீர்வு கண்ட இயந்திரங்களை அவர்களால் மதிப்பிட முடியாமல் போகிறது.

அப்படி ஒரு தீர்வு 1967இல் வந்தது. ஷெஜர் லெகூல்த்ர் வடிவமைத்த 920 என்ற இயந்திரத்தின் மொத்தத் தடிமன் 2.45 மில்லிமீட்டர், அதற்குள் முழு அளவு ரோட்டர். இவ்வளவு மெல்லிய இடத்தில் சாய்வைத் தாங்கும்படி நடுவில் ஒரு பேரிங்கை வைப்பது எளிதல்ல. ஆகவே ரோட்டரின் அடியில் ஒரு வளையத்தைப் பொருத்தி, அந்த வளையத்தை நான்கு மாணிக்க உருளைகளின் மேல் ஓடவிட்டார்கள். சாய்வு என்ற சிக்கலை மையத்தில் எதிர்கொள்ளாமல் வெளிப்புறத்துக்குக் கொண்டுபோய்த் தீர்த்தார்கள். தாங்கும் இடம் மையத்திலிருந்து விலக விலகச் சாய்க்கும் விசை எளிதில் அடங்குகிறது. இந்த இயந்திரத்தை ஷெஜர் லெகூல்த்ர் தன் பெயரில் ஒரு கடிகாரத்திலும் பயன்படுத்தவில்லை. ஓடெமார் பிகேயின் 1972 ராயல் ஓக், படேக் ஃபிலிப்பின் 1976 நாட்டிலஸ், 1977இன் வாஷெரோன் 222 ஆகிய மூன்றிலும் இருந்தவை இதன் வாரிசுகள்தான். ஓடெமார் பிகே 2121 என்ற பெயரில் இதை ராயல் ஓக் ஜம்போவில் 2021 வரை வைத்திருந்தது. சுவிஸ் கடிகாரக் கலையின் மூன்று பெரும் பெயர்களும் ஒருசேர நம்பிய ஒரே ஆட்டோமேட்டிக் இயந்திரம் ரோட்டரை நான்கு கல் உருளைகளில் ஓடவிட்டது. புழங்கிவரும் அளவுகோலில் இதை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள்? அதில் இதற்குக் கட்டமே இல்லை.

பால் பேரிங்கும் குறையில்லாததல்ல. குண்டு தடத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவே. கடிகாரம் கீழே விழுந்தால் அத்தனை அதிர்ச்சியும் அந்தப் புள்ளிகளில் இறங்கித் தடத்தில் குழி விழலாம். குழி விழுந்த பேரிங் கரகரக்கும். பழைய எண்ணெய் இறுகிப்போனால் உள்ளே புகுந்து சுத்தம் செய்வது கடினம். பேரிங்கை மொத்தமாக மாற்றுவதே வழக்கம். எண்ணெய் தேவைப்படாத, துருப்பிடிக்காத சிர்க்கோனியா பீங்கான் குண்டுகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது அதை முடிவான தீர்வு என்று கொண்டாடினார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் எஃகைவிடக் கடினமான குண்டு எஃகுத் தடத்தின் மேல் ஓடும்போது, அடி வாங்குவது தடமாக இருக்கும். கல்லுக்குள் சுழலும் அச்சோ தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும்; அச்சை மட்டும் மாற்றிக் கல்லை விட்டுவிடலாம், அல்லது கல்லை மாற்றலாம்.

இருவழியின் கதையில் மறைந்திருக்கும் குறை இன்னும் பெரிது. ரோட்டர் எந்தத் திசையில் சுற்றினாலும் சுருள்வில் ஒரே திசையில்தான் இறுக வேண்டும். ஆகவே இடையில் திசைமாற்றும் சக்கரங்கள் தேவை. இவற்றின் வயிற்றுக்குள் மிகச் சிறிய கொக்கிகள் இருக்கின்றன. ஒரு திசையில் பிடிக்கும், மறு திசையில் விடும். ஈட்டா வகை இயந்திரங்களில் அடிக்கடி பழுதாகும் உறுப்பு இதுதான். எண்ணெய் வறண்டாலும் பழுது, அதிகமானாலும் பழுது. கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டர் தானாகக் கிறுகிறுவென்று சுழன்றால் இந்தச் சக்கரங்கள் கெட்டுவிட்டன என்று பொருள். அது மட்டுமல்ல, ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் கொக்கி பிடிக்கும்வரை ரோட்டர் சில பாகைகள் வீணாகச் சுற்றுகிறது. பெரிய அசைவில் இது பொருட்டல்ல. மேசையில் தட்டச்சு செய்கிறவரின் மணிக்கட்டு அசைவு சிறியது, அடிக்கடி திசை மாறுவது. அங்கே அந்த வீண் பாகைகள் அசைவின் பெரும்பங்கைத் தின்றுவிடலாம்.

“அசைவு குறைந்தவர்களுக்கு இருவழிதானே நல்லது” என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. இரண்டு பக்கமும் ஏறினால் இரட்டிப்பு என்ற எண்ணம், வீண் பாகை பூஜ்யமாக இருந்தால் மட்டுமே சரி. ஒருவழி அமைப்பில் உறுப்புகள் குறைவு; விலகிய கொக்கி மறுபடி பிடிக்க எடுக்கும் தூரத்தையும் குறைக்க முடியும். தடையற்ற திசையில் ரோட்டர் சுதந்திரமாக விழுந்து வேகம் எடுத்துத் திரும்பும்போது அந்த வேகமும் சாவியாக மாறுகிறது. 1973இல் வந்த வால்ஷூ 7750 என்ற கிரோனோகிராஃப் இயந்திரம் இப்படித்தான் வேலை செய்கிறது. தடையற்ற திசையில் ரோட்டர் விர்ரென்று சுழன்று மணிக்கட்டே ஆடுவதுபோல் தோன்றும். அதைக் குறை என்கிறார்கள். உணர்வு பிடிக்கவில்லை என்றால் அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஆட்டம் இயந்திரத்தின் மட்டத்தன்மைக்குச் சான்றாகாது. உலகின் பல புகழ்பெற்ற நிறுவனங்களின் கிரோனோகிராஃப்களை அரை நூற்றாண்டாக ஓட்டிவரும் இயந்திரம் அது.

இருவழி எல்லாமே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஐடபிள்யூசியின் தொழில்நுட்ப இயக்குநர் ஆல்பர்ட் பெல்லட்டன் உருவாக்கி 1950இல் கடிகாரத்தில் வந்த அமைப்பு, திசைமாற்றும் சக்கரங்களையே ஒதுக்கிவிட்டது. ரோட்டரோடு சுழலும் மையம் விலகிய தட்டு ஒரு சட்டத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சட்டத்திலுள்ள இரண்டு கொக்கிகள் மாறி மாறி ஒரே சக்கரத்தைச் சுற்றுகின்றன. சீக்கோ 1959இல் அறிமுகப்படுத்திய மேஜிக் லீவர் இதே கருத்தை இன்னும் குறைந்த உறுப்புகளில் செய்து காட்டியது. சிங்கப்பூரிலிருந்து வந்த எத்தனையோ பேர் கையில் கட்டி வந்த சீக்கோ 5இல் ஓடியது அந்த எளிய நெம்புகோல்தான். இவை அறிவின் அழகான வெளிப்பாடுகள். இவற்றையும் சாதாரணத் திசைமாற்றிச் சக்கரங்களையும் “இருவழி” என்ற ஒரே சொல்லில் அடைத்து மதிப்பெண் போடுவது, செய்தவர்களின் உழைப்பை அவமதிப்பது.

கடைசியாக ஒரு மறுப்பு வரும்: பேரிங் அவ்வளவு முக்கியமில்லை என்றால் ரோலக்ஸ் ஏன் 2015இல் தன் 3255 இயந்திரத்தில் பால் பேரிங்குக்கு மாறியது? மாறியது உண்மை. ஆனால் அந்த இயந்திரத்தின் ஓட்ட இருப்பு சுமார் 48 மணியிலிருந்து சுமார் 70 மணியாக உயர்ந்ததற்கு ரோலக்ஸ் சொன்ன காரணங்களில் பேரிங் இல்லை. சுருள்வில் உருளையின் சுவரைப் பாதியாக மெல்லியதாக்கி நீண்ட வில்லுக்கு இடம் செய்தார்கள். விசையைத் தாளக்கட்டுக்கு அனுப்பும் எஸ்கேப்மென்ட்டைத் திருத்தித் திறனை 15 சதவீதம் கூட்டினார்கள். பேரிங் மாற்றம், மேலே சொன்ன சாய்வையும் தேய்மானத்தையும் சமாளிக்க வந்தது என்றே நான் கருதுகிறேன். சர்வீஸ் இடைவெளியை ஏறக்குறைய பத்து ஆண்டு என்று சொல்லும் நிறுவனத்துக்கு அது நியாயமான முடிவு. 1988 முதல் 2020 வரை அச்சில் சுழன்ற ரோட்டர் அதற்கு முன் தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

தொழிலின் அளவுகோல்கள் விற்பனைக்காக வளைக்கப்படுவது இது முதல் முறையல்ல. கற்களின் எண்ணிக்கையே தரம் என்ற நம்பிக்கை 1960களில் உச்சத்தில் இருந்தபோது, ஓரியன்ட் நூறு கற்கள் கொண்ட ஆட்டோமேட்டிக் கடிகாரத்தையே விற்றது. செயற்கை மாணிக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மலிவு. நூறு கற்களை அடுக்குவது சிரமமில்லை. கடைசியில் 1974இல் சர்வதேசத் தர அமைப்பு, வேலை செய்யும் கல்லையும் அலங்காரக் கல்லையும் பிரித்து வரையறுக்க வேண்டியதாயிற்று. பேரிங்குக்கு அப்படி ஒரு வரையறை இல்லை. ஆகவே வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

லட்சங்களைக் கொடுக்கும்போது சிறந்ததை எதிர்பார்ப்பது தவறில்லை. சிறந்தது எது என்பதற்குச் சரியான கேள்விகளைக் கேளுங்கள். ரோட்டரின் தாங்கி தேய்ந்தால் அதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? திசைமாற்றும் உறுப்புகளைச் சர்வீஸில் சுத்தம் செய்கிறார்களா, புதிதாக மாற்றுகிறார்களா? உதிரிபாகம் ஊரிலுள்ள நல்ல பழுதுபார்ப்பவருக்குக் கிடைக்குமா, அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு மட்டும்தானா? இருபது ஆண்டு கழித்தும் அது கிடைக்கும் என்று யார் உறுதி தருகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் தராமல் பேரிங்கில் எத்தனை குண்டுகள் உருள்கின்றன என்று மட்டும் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.